குழந்தைக்குக் கார் சீட்: சட்டம் சொல்வதும் உடம்பு கேட்பதும்

கார் சீட் வாங்கக் கிளம்பும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: குழந்தையின் எடை, குழந்தையின் உயரம், எந்தக் காரில் எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்பது. இவை தெரியாமல் வாங்கிய சீட், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், காரில் பொருந்தாமல் வீட்டு மூலையில் கிடக்கும். சில வீடுகளில் பொருந்தாமலேயே காரில் கிடக்கும். அதுதான் கவலை.

வயதைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்குள் நான்கு கிலோ வித்தியாசம் சாதாரணம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் "4 வயது வரை" என்பது விற்பனைக்கான வாசகம். சீட்டின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் கிலோவும் சென்டிமீட்டரும்தான் அதன் உண்மையான எல்லை.

மடியும் பெரியவர் பெல்ட்டும் ஏன் போதாது

50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நிற்க, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூடப் பிடிக்காமல் போகலாம். அந்த இமைப்பொழுதில் 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 200 கிலோ மூட்டையின் விசையோடு முன்னால் பாயும். "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லும் கைகளில் அந்த மூட்டையைத் தாங்கும் பலம் கிடையாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

குழந்தைக்குத் தனியாகப் பெரியவர் பெல்ட்டைப் போட்டால்? அந்த பெல்ட்டின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின் முன்முனையில் மாட்டி நிற்கும்படி அமைக்கப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு அந்த முனை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பத்து வயதையொட்டித்தான் பெல்ட்டைப் பிடித்துவைக்கும் அளவுக்கு அது திரள்கிறது. அதுவரை பெல்ட் வழுக்கி வயிற்றுக்கு ஏறும். குடல், ஈரல், முதுகெலும்பு எல்லாம் அடிபடும். மேல்பகுதியோ கழுத்தை அறுக்கும். குழந்தை அதைத் தாங்காமல் அக்குளுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும். அதன்பின் மேல் உடம்பைப் பிடிக்க எதுவுமே இல்லை.

அடுத்தது கழுத்து. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவருக்கு எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய தலையைச் சுமக்கும் கழுத்தெலும்புகள் இன்னும் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாகவே இருக்கும். முன்னால் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார்கள் பிடித்துவிடும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது வீசும், கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாக வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். பின்நோக்கிலிருந்து முன்நோக்குக்கு, அங்கிருந்து பூஸ்டருக்கு (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை), பூஸ்டரிலிருந்து வெறும் பெல்ட்டுக்கு என்று ஏறும் ஒவ்வொரு படியிலும் பாதுகாப்பில் கொஞ்சம் குறைகிறது. ஆகவே எந்தப் படியிலும் அவசரம் வேண்டாம்.

சட்டத்தை எப்படிப் படிப்பது

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலமும் வேறு. எந்தச் சட்டம் கைக்கு வந்தாலும் அதில் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

முதலாவது, குழந்தை சீட் எதுவரை கட்டாயம்? பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. சிங்கப்பூரில் வயதைப் பார்ப்பதில்லை, 135 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கட்டாயம். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை "சீட் பெல்ட் அல்லது குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை" கொண்டு பிணைக்கச் சொல்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய். அந்த "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பெல்ட்டை மாட்டினாலே அந்த வரியைப் பொறுத்தவரை கதை முடிந்தது. குழந்தையின் இடுப்பெலும்பைப் பொறுத்தவரை முடியவில்லை.

இரண்டாவது, பின்நோக்கி எதுவரை? குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி 15 மாதம் வரை என்கிறது. ஆஸ்திரேலியாவில் கட்டாயம் ஆறு மாதம் வரைதான். கலிஃபோர்னியாவில் இரண்டு வயது வரை. அதற்குள் 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டிவிட்டால் விலக்கு. ஒரே கழுத்துக்கு மூன்று விடைகள்! மூன்றுமே "இதற்குக் குறையக் கூடாது" என்ற வரம்புகள்தான். "இந்த நாளில் திருப்பிவிடுங்கள்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் தன் பரிந்துரையிலிருந்து வயதையே எடுத்துவிட்டது. சீட் அனுமதிக்கும் உச்ச எடையோ உயரமோ வரும்வரை பின்நோக்கியே வைக்கச் சொல்கிறது. ஸ்வீடனில் நான்கு வயது வரை அப்படி வைப்பது வழக்கம்.

மூன்றாவது, முன்னிருக்கையில் வைக்கலாமா? ஆஸ்திரேலியாவில் இரண்டு வரிசை கொண்ட காரில் நான்கு வயதுக்குக் கீழ் முன்னால் உட்காரவே கூடாது. ஐரோப்பாவில் முன்னிருக்கையின் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் அங்கே பின்நோக்கு சீட் வைப்பது குற்றம். இதில் சட்டம் எப்படி இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏர்பேக் கண்மூடித் திறப்பதற்குள் விரிந்து, குழந்தையின் தலைக்கு நேர்பின்னால் உள்ள ஓட்டை அடிக்கும். அந்த அடி தலைக்குத்தான் போகும்.

நான்காவது, எந்த முத்திரை செல்லும்? நாடு மாறுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ்/என்.இசட்.எஸ் 1754 என்ற தரமுத்திரை இல்லாத சீட் செல்லாது. கனடாவில் மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்புச் சின்னம் வேண்டும். பக்கத்து அமெரிக்காவில் வாங்கியது, மாடல் ஒன்றாகவே இருந்தாலும், ஏற்கப்படாது. அமெரிக்காவுக்கு எஃப்.எம்.வி.எஸ்.எஸ் 213. ஐரோப்பாவுக்குப் பழைய விதியான ஆர்44 அல்லது புதிய ஆர்129. இந்தியாவின் தரம் ஏ.ஐ.எஸ் 072. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஆசையாகக் கொண்டுவரும் சீட்டை வாங்கிக்கொள்ளும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். முத்திரை போக, பொருந்தும் முறையே மாறிவிடுவது உண்டு.

ஐந்தாவது, விலக்கு யாருக்கு? டாக்சிக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு. சிங்கப்பூரில் டாக்சிக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. விலக்கு என்பது அபராதத்திலிருந்து மட்டும்தான்.

லேபிளில் என்ன பார்ப்பது

ஐரோப்பிய முறையில் வந்த சீட்டின் பக்கத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அது தர மதிப்பெண் அல்ல. 1ஐ விட 11 மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

ஆர்44 என்றிருந்தால் கணக்கு எடையில் இருக்கும். குரூப் 0+ என்பது 13 கிலோ வரை, குரூப் 1 என்பது 9 முதல் 18 வரை, குரூப் 2 என்பது 15 முதல் 25 வரை, குரூப் 3 என்பது 22 முதல் 36 வரை. அனுமதி எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். அதற்கு முந்தையவை ஐரோப்பாவில் செல்லாது. ஆர்129 என்றிருந்தால் கணக்கு உயரத்தில்: "40–105 செ.மீ." என்பது போல. 2013இல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய விதியில் பக்கவாட்டு மோதல் சோதனையும் சேர்ந்திருக்கிறது; ஆர்44இல் அது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் புதிய ஆர்44 சீட்டுகளை விற்க அனுமதி இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயன்படுத்தலாம். இன்று புதிதாக வாங்குகிறவர் ஆர்129ஐயே தேடுவது நல்லது.

'யுனிவர்சல்' என்ற சொல் எல்லாக் காருக்கும் கட்டாயம் பொருந்தும் என்ற உத்தரவாதம் அல்ல. 'செமி-யுனிவர்சல்' என்றிருந்தால் உற்பத்தியாளர் தரும் கார் பட்டியலில் உங்கள் காரும் அதன் ஆண்டும் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

லேபிளே இல்லாமல், துணிப்பையில் நான்கு வார்கள் தைத்தது போல இணையத்தில் விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம். குழந்தையைத் தாங்க அதில் ஓடே இல்லை.

எந்த நிலைக்கு எந்த சீட்

பிறந்த குழந்தைக்கு இரண்டு வழி. கைப்பிடியோடு தூக்கிச்செல்லும் கூடை வகை ஒன்று. காரிலேயே நிலையாக இருக்கும், பின்நோக்கியும் முன்நோக்கியும் திருப்பக்கூடிய வகை மற்றொன்று. கூடை வகை சின்ன உடம்புக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 13 கிலோவுக்கு முன்பே உயரம் முந்திவிடும். ஒரு வயதையொட்டி மாற்ற வேண்டிவரும். திருப்பும் வகையில் நீண்ட காலம் ஓட்டலாம், ஆனால் எடை குறைந்த குழந்தைக்குத் தோள்வார் காதுவரை ஏறி நிற்கும். அதன் கீழ்வரம்பைக் கட்டாயம் பாருங்கள்.

பின்நோக்கு சீட் குழந்தைக்குச் சிறுத்துவிட்டதை அறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. எடை வரம்பைத் தாண்டுவது ஒன்று. தலையின் உச்சிக்கும் ஓட்டின் மேல்விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ.க்குக் குறைவாக இடைவெளி வருவது மற்றொன்று. சில சீட்டுகளின் கையேடு வேறு அளவு தரும், அப்போது அதையே பின்பற்றுங்கள். கால் மடங்கிப் பின்சீட்டில் முட்டுவது இந்தப் பட்டியலில் இல்லை. "காலை நீட்ட முடியவில்லையே, பாவம்" என்று திருப்பிவைப்பவர்கள்தான் அதிகம். குழந்தைகள் காலை மடக்கியே வசதியாக உட்காருவார்கள். தரையில் விளையாடும்போது பாருங்கள்.

அடுத்தது ஐந்துமுனை வாரோடு கூடிய முன்நோக்கு சீட். தோள் மேல்துளைக்கு மேலே போகும்வரை, அல்லது காதின் உச்சி ஓட்டின் விளிம்பை எட்டும்வரை, அல்லது எடை வரம்பு வரை இதில் வைக்கலாம். எது முதலில் வந்தாலும் அதுவே முடிவு.

பூஸ்டர் குழந்தையைக் கட்டிப்போடுவதில்லை. குழந்தையை உயர்த்தி, பெரியவர் பெல்ட்டைச் சரியான எலும்பின் மேல் கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே குழந்தையும் ஒத்துழைக்க வேண்டும்: வழி முழுதும் நேராக உட்கார வேண்டும், தூங்கிச் சரியக் கூடாது, பெல்ட்டை எடுத்து விளையாடக் கூடாது. எடை 18 கிலோவைத் தாண்டியிருந்தாலும் இந்தப் பக்குவம் இல்லாத பிள்ளை இன்னும் ஓராண்டு வாரிலேயே இருக்கட்டும். முதுகோடு கூடிய பூஸ்டரே மேல். பக்கத்தில் தலைக்கு அணைப்பும், தோள் பெல்ட்டுக்கு வழிகாட்டும் கொக்கியும் அதில் இருக்கும். முதுகில்லாத வகையைப் பிரிட்டனில் 2017க்குப் பின் வந்த மாடல்களில் 125 செ.மீ. உயரமும் 22 கிலோ எடையும் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். நல்ல அளவுகோல், வேறு நாட்டில் இருப்பவரும் எடுத்துக்கொள்ளலாம். இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள இடத்தில் பூஸ்டர் வைக்கவே கூடாது.

பூஸ்டரையும் விடலாமா என்று தெரிய, பிள்ளையைக் காரின் சொந்த இருக்கையில் அப்படியே உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டியிருக்கும்போதே முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப் பெல்ட் தொடையின் மேல் தாழ்வாகக் கிடக்க வேண்டும். தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் ஓட வேண்டும். பயணம் முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். பெரும்பாலும் 145 செ.மீ.யையொட்டித்தான் இத்தனையும் கூடிவரும். ஒரு காரில் தேறிய பிள்ளை இன்னொரு காரில் தேறாமல் போகலாம். சீட்டின் ஆழம் காருக்குக் கார் மாறும்.

"பிறந்ததிலிருந்து 12 வயது வரை ஒரே சீட்" என்று வருகிறவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனையில் தேறியவையாக இருக்கலாம். ஆனால் இரண்டு கோடிகளிலும் பொருத்தம் இடிக்கும்: பச்சைக் குழந்தைக்குப் பெரிது, பத்து வயதுக்குக் குறுகல். போதாததற்கு பஞ்சும் வாரும் பன்னிரண்டு ஆண்டு உழைக்க வேண்டும். பண நெருக்கடி இல்லையென்றால் கூடையோ திருப்பும் வகையோ முதலில், பிறகு முதுகுள்ள பூஸ்டர் என்று இரண்டாகப் பிரித்து வாங்குவதே எங்கள் யோசனை.

காரை முதலில் சோதியுங்கள்

காரின் கையேட்டில் குழந்தை சீட் பற்றிய அத்தியாயம் ஒன்று இருக்கும். எந்த இடத்தில் எந்த வகை அனுமதி என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் காரில் தேடுங்கள்.

பின்சீட்டின் இருக்கையும் சாய்வும் சேரும் மடிப்புக்குள் விரலை விட்டால், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். அவைதான் ஐசோஃபிக்ஸ், அமெரிக்காவில் லாட்ச் என்பார்கள். நடு இடத்தில் பெரும்பாலும் இருக்காது. பின்சீட்டின் முதுகிலோ டிக்கியின் தரையிலோ மேலேயோ மேல்வார், அதாவது குழந்தை சீட்டின் உச்சியிலிருந்து வரும் வார், மாட்டும் கொக்கி இருக்கும். நங்கூரப் படம் போட்டிருக்கும். அருகிலேயே சாமான் கட்டும் வளையமும் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. அதில் மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும்.

தாங்குகால் (சீட்டிலிருந்து காரின் தரைக்கு இறங்கும் கால்) உள்ள சீட் வாங்குவதானால் காரின் தரையைத் தட்டிப்பாருங்கள். கால்வைக்கும் இடத்துக்கு அடியில் சாமான் பெட்டி இருக்கும் கார்களில் அந்த மூடி அழுத்தத்தில் உடையும். கார் நிறுவனம் பெட்டிக்குள் வைக்கத் தரும் அடைப்பு இருந்தால் சரி; இல்லையென்றால் வேறு இடம் அல்லது வேறு சீட்.

ஐசோஃபிக்ஸ் பெல்ட்டைவிடப் பலமானது என்று பரவலாக நம்புகிறார்கள். சரியாகப் பூட்டினால் இரண்டும் சமம். ஐசோஃபிக்ஸில் தப்புச் செய்வது கடினம், அவ்வளவுதான் அதன் மேன்மை. அதற்கு எடை வரம்பும் உண்டு: ஐ-சைஸ் (ஆர்129 விதிப்படி வரும் ஐசோஃபிக்ஸ் வகை) சீட்டில் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ, அமெரிக்க முறையில் 65 பவுண்டு, அதாவது சுமார் 29.5 கிலோ. சீட்டே 12 கிலோ இருக்கும்போது மீதம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு தாண்டினால் பெல்ட்டுக்கு மாற வேண்டும். கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலொழிய இரண்டையும் சேர்த்துப் பூட்டக் கூடாது.

எந்த இடம் நல்லது? பக்கவாட்டு மோதலில் நடு இடம் தள்ளி இருப்பதால் நல்லது. ஆனால் அங்கே சீட் ஆடாமல் நிற்க வேண்டுமே. மேடாக இருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருப்பதைவிட ஓரத்தில் இறுக்கமாக நிற்பது மேல். ஓரம் என்றால், நடைபாதைப் பக்கம் இருந்தால் போக்குவரத்துக்கு நடுவில் நின்று குழந்தையை ஏற்ற வேண்டிவராது.

முடிந்தால் வாங்குவதற்கு முன்பே காரில் வைத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத கடை என்றால், திருப்பித்தரும் நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறை

ஐசோஃபிக்ஸில்:

1. சீட்டின் இரண்டு கைகளையும் முழுதாக நீட்டி, கம்பியில் 'க்ளிக்' என்று இருமுறை கேட்கும்வரை தள்ளுங்கள். இரண்டு பக்கக் குறியும் பச்சையாக வேண்டும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் பூட்டவில்லை என்றே பொருள்.
2. சீட்டைக் கார் சாய்வோடு ஒட்டும்வரை பின்னே அழுத்துங்கள். காரின் இருக்கையில் உள்ள தலையணை குழந்தை சீட்டை முன்னே தள்ளினால், கையேடு அனுமதித்தால் கழற்றிவிடுங்கள்.
3. தாங்குகால் இருந்தால் தரையில் அழுந்த இறக்குங்கள். சீட் தூக்கிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. மேல்வார் இருந்தால் முறுக்கில்லாமல் மாட்டி, தொய்வு போகும்வரை இழுங்கள். ஐசோஃபிக்ஸ் சீட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு இவ்விரண்டில் ஒன்று கட்டாயம். கீழ்க்கம்பிகள் மட்டும் இருந்தால் சீட் முன்னால் கவிழும். ஆஸ்திரேலிய முறையில் பின்நோக்கு சீட்டுக்குக்கூட மேல்வார் வேண்டும்.

பெல்ட்டில்:

1. பெல்ட் வழியைக் கண்டுபிடியுங்கள். பின்நோக்குக்கு நீல அடையாளம், முன்நோக்குக்குச் சிவப்பு. இரண்டையும் மாற்றி விடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. சீட் இறுக்கமாகக்கூட நிற்கும், ஆனால் மோதலில் கழன்றுவிடும்.
2. பெல்ட்டை முறுக்கில்லாமல் செலுத்தி மாட்டுங்கள். பக்கிள் சீட்டின் சட்டத்தின் மேல் வளைந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மோதலில் நெம்பித் திறந்துவிடலாம். வேறு இடம் பாருங்கள்.
3. உங்கள் எடையைக் கையாலோ முழங்காலாலோ சீட்டில் அழுத்திக்கொண்டே தொய்வை இழுத்தெடுங்கள்.
4. பெல்ட்டைப் பூட்டுங்கள். சீட்டிலேயே பூட்டும் நாக்கு இருந்தால் அதை மூடுங்கள். அமெரிக்கக் கார்களில் தோள் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துவிட்டால் உள்ளே திரும்பும்போது கடகடவென்று பூட்டிக்கொண்டே போகும். இந்த வசதி எல்லா நாட்டுக் கார்களிலும் இல்லை.

பழைய கார்களில் கூடை சீட்டைச் சுற்ற பெல்ட் நீளம் போதாமல் போவதுண்டு. நீட்டிப்புத் துண்டு வாங்கிச் சேர்க்காதீர்கள். அந்தக் காருக்கு அந்தச் சீட் ஆகாது.

முடிந்ததும் பெல்ட் வழியின் அருகே சீட்டைப் பிடித்து இடம்வலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. உச்சியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பின்நோக்கு சீட்டில் அது குற்றமில்லை.

சாய்வையும் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குச் சுமார் 45 பாகை சாய்வு தேவை. நிமிர்ந்திருந்தால் தலை முன்னே கவிழ்ந்து தாடை மார்பில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். சீட்டில் உள்ள குமிழி அல்லது கோட்டை, கார் சமதரையில் நிற்கும்போது பாருங்கள். சரிவான இடத்தில் நிறுத்தி அளந்தால் கணக்குத் தப்பும்.

குழந்தையைக் கட்டும் முறை

சீட்டை ஒருமுறை பூட்டினால் போதும். குழந்தையை ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும். அதனால் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

தோள்வார் எந்தத் துளையில் வர வேண்டும் என்பது திசையைப் பொறுத்தது. பின்நோக்கில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழோ. மோதும்போது குழந்தை ஓட்டில் மேல்நோக்கி வழுக்கும், வார் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். முன்நோக்கில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலோ. துளைகளை மாற்றாமல் திசையை மட்டும் திருப்பிவிடுகிறவர்கள் ஏராளம்.

இறுக்கம் பார்க்கக் காறையெலும்பின் மேலுள்ள வாரை இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளுங்கள். துணி மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. முதலில் இடுப்பின் தொய்வை மேலே இழுத்தெடுத்து, பிறகு நடுவாரை இழுங்கள். இந்த வரிசை தப்பினால் மேலே இறுக்கமாகவும் கீழே தொளதொளவென்றும் இருக்கும். அமெரிக்க, கனடா சீட்டுகளில் தோள்வார்கள் இரண்டையும் சேர்க்கும் மார்பு க்ளிப் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கினால் வார்கள் தோளிலிருந்து நழுவும். ஐரோப்பிய சீட்டுகளில் அது இருக்காது. தனியாக வாங்கி மாட்ட வேண்டாம்.

தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள். மோதலில் பஞ்சு அமுங்கி, உள்ளே பல செ.மீ. தொய்வு வெளிப்படும். குளிர் என்றால் வாரைப் பூட்டியபின் போர்வையை மேலே போர்த்துங்கள். கடையில் தனியாகக் கிடைக்கும் தலையணை, வார் உறை, அடிமெத்தை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு: சீட்டோடு வராததை வாருக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரவையுங்கள்.

வண்டியில் தூங்கிப்போன குழந்தையைக் கூடையோடு வீட்டுக்குள் கொண்டுபோய் அப்படியே தூங்கவிடுவது வசதிதான். ஆனால் காருக்கு வெளியே சீட்டின் சாய்வு மாறிவிடும், தாடை மார்பில் முட்டும். எடுத்துப் படுக்கையில் போடுங்கள். நீண்ட பயணத்தில் சிறு குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வெளியே எடுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சாய்வில் மூச்சு சீராக இருக்கிறதா என்று மருத்துவமனையிலிருந்து கிளம்புமுன் பார்க்கச் சொல்லுங்கள்.

காலி பூஸ்டரையும் பெல்ட் போட்டு வையுங்கள். இல்லையென்றால் மோதலில் அது ஓட்டுநரின் தலையைத் தேடிப் பறக்கும்.

பழையதும் அடிபட்டதும்

சீட்டின் ஓடு பிளாஸ்டிக். வெயிலில் கொதித்துக் குளிரில் இறுகி ஆண்டுக்கணக்கில் நொறுங்கும் தன்மைக்கு வரும். பல உற்பத்தியாளர்கள் தயாரித்த தேதியிலிருந்து 6 முதல் 10 ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள். தேதி ஓட்டின் அடியிலோ முதுகிலோ வார்க்கப்பட்டிருக்கும். வாங்கிய தேதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாம் கை சீட்டை அதன் முழு வரலாறும் தெரிந்த ஆளிடமிருந்து மட்டும் வாங்கலாம். விபத்தில் இருந்ததா, எல்லாப் பாகமும் இருக்கிறதா, கையேடு எங்கே, லேபிள் கிழியாமல் இருக்கிறதா, உற்பத்தியாளர் குறையென்று திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்குக்கூட விடை கிடைக்காவிட்டால் வேண்டாம்.

வாரை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, ப்ளீச்சும் கூடாது. மோதலில் தாங்கும் நூலிழை அதில் பலவீனப்படும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். துணி உறையை மட்டும் கையேடு சொல்கிறபடி துவைக்கலாம்.

மோதிய காரில் இருந்த சீட்டை மாற்றிவிடுங்கள், கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சிறு மோதலுக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: கார் தானாக ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அருகிலுள்ள கதவு சேதமாகியிருக்கக் கூடாது, யாருக்கும் காயம் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தும் கூடினால்தான் சிறு மோதல். சீட்டின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள். காப்பீட்டுக்காரரிடம் சீட்டையும் சேர்த்துக் கோருங்கள். பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தூக்கியெறியும் சீட்டின் வார்களைக் கத்தரியால் வெட்டி, ஓட்டின் மேல் "விபத்தில் இருந்தது" அல்லது "கெடு முடிந்தது" என்று அழியாத மையில் எழுதிவிட்டுப் போடுங்கள். நல்ல நிலையில் தெரியும் சீட்டை யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தன் குழந்தைக்கு வைத்துவிடுவார்கள்.